அடிக்கிறது ஒராள், கேக்கிறது நாலு பேர்ர அடி

என் சித்தப்பாவின் மகன் எங்கள் ஊர்க் கூத்தில் சல்லரி, அதாவது கைத்தாளம், போடுகிறவன். போன மாதம் ஒருநாள் பின்னேரம் என் போனில் ஒரு நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேடையில் ஒரே ஒரு பெண். அவருக்கு முன்னால் இடுப்புயரத்தில் ஒரு பெரிய முரசு, தொங்கவிட்ட உலோகத் தட்டுகள் இரண்டு, பக்கத்தில் ஒரு மடிக்கணினி. முரசுத் தோலில் ஒரு விரலை வைத்து மெதுவாக இழுக்கிறார். காற்று கிளம்பியது போல ஒரு சத்தம் எழுந்து மண்டபத்தைச் சுற்றி ஓடுகிறது. பிறகு ஒரே ஓர் அடி. அந்த அடி திரும்பி வருகிறது, இன்னொரு முறை வருகிறது, வரவர உடைந்து ஓட்டுக் கூரையில் மழை பெய்வது போலக் கொட்டுகிறது. அந்தப் பெண்ணோ கையைக் கட்டிக்கொண்டு கேட்டபடி நிற்கிறார்.

"என்ன அண்ணன் இது? அடிக்கிறது ஒராள், கேக்கிறது நாலு பேர்ர அடி."

முன்னமே பதிவுசெய்து வைத்து ஓடவிடுகிறார்களோ என்று கேட்டான். இல்லை என்றேன். "அப்ப மத்த மூணு பேரும் எங்க?" என்றான். நல்ல கேள்வி. அன்றைக்கு அவனுக்கு அரைகுறையாகச் சொன்னதை இங்கே ஆற அமரச் சொல்கிறேன்.

இந்த இசையின் பெயர் கொஞ்சம் நீளம்: தனித் தாளக் கருவிக்கும் நேரடி இலத்திரனியலுக்குமான சமகாலச் செவ்விசை. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். துண்டு துண்டாகப் பிரித்தால் விளங்கிவிடும்.

சமகாலச் செவ்விசை என்பது மொசார்ட், பீத்தோவன் வழியில் வந்த மேற்கத்திய மரபு, பெரும்பாலும் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு எடுத்த உருவங்கள். ஒருவர் இருந்து எழுதுவார், இன்னொருவர் வாசிப்பார் என்ற வழக்கம் அதில் இன்னும் உண்டு. ஆனால் ஐந்து கோடு போட்டுப் புள்ளி வைத்துத்தான் எழுத வேண்டும் என்ற கட்டாயம் போய்விட்டது. ஜேர்மனியரான கார்ல்ஹைன்ஸ் ஸ்டொக்ஹவுசன் 1959இல் ஒரு தனித் தாளக் கலைஞருக்காக 'ஸீக்ளுஸ்' என்று ஒன்றை எழுதினார். 16 பக்கம், சுருள் கம்பியில் கோத்தது. எந்தப் பக்கத்திலும் தொடங்கலாம். தலைகீழாகத் திருப்பி வைத்தும் வாசிக்கலாம். தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வந்தால் முடிந்தது. கலைஞர் கருவிகளைத் தன்னைச் சுற்றி வட்டமாக அடுக்கி, நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றி முடிப்பார்.

அடுத்தது தாளக் கருவி. அந்த மரபில் தட்டுவது, குலுக்குவது, உரசுவது எல்லாமே இந்தக் குடும்பம்தான். மேளமும் சேர்த்தி, பூந்தொட்டியும் சேர்த்தி. அமெரிக்க இசையமைப்பாளர் ஜோன் கேஜ் 1975இல் செய்த ஒரு படைப்பில் கலைஞர் கள்ளிச்செடியின் முள்ளைச் சுண்டுவார், அந்தச் சின்னச் சத்தத்தை ஒலிபெருக்கி மண்டபம் நிறையக் காட்டும். இவ்வளவு மதிப்பு அங்கே தாளத்துக்கு முன்பு இருந்ததில்லை. நெடுங்காலம் ஓர்கெஸ்ட்ராவின் கடைசி வரிசையில் நின்று, தேவைப்படும்போது மட்டும் ஓர் இடி இடித்துவிட்டுச் சும்மா நிற்பவர்கள்தான் தாளக்காரர்கள். 1933இல் நியூயோர்க்கில் அரங்கேறிய எட்கார் வரேஸின் 'அயோனிசாசியோன்' 13 தாளக்காரர்களையும் இரண்டு சைரன்களையும் வைத்து ஒரு முழுப் படைப்பாக நின்றபோதுதான் நிலைமை மாறத் தொடங்கியது. கூத்துப் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கூத்தாடும் களரியில் மத்தளத்தோடு நிற்கிற அண்ணாவியார்தான் விடியவிடிய முழுக் கூத்தையும் கொண்டு நடத்துகிறார். தாளம் முன்னுக்கு நிற்கும் என்பதை மட்டக்களப்பானுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

இனி இலத்திரனியல். கையில் மைக், நடுவில் கணினி, முடிவில் ஸ்பீக்கர். இதில் 'நேரடி' என்ற சொல்லைத்தான் கவனிக்க வேண்டும். கல்யாண மண்டபத்தில் கீபோர்ட்காரர் ஒரு பட்டனை அமத்தினால் ஒரு பீட் ஓடும். அவர் தண்ணீர் குடிக்கப் போனாலும் ஓடும். இது அப்படியல்ல. அடி விழும்வரை கணினி வெறும் பெட்டி. அந்த நொடியில் அந்தக் கை கொடுத்ததை எடுத்துத்தான் அது வேலை செய்யும். மெதுவாக அடித்தால் ஒன்று, ஓங்கி அடித்தால் இன்னொன்று. நாளைக்கு அதே படைப்பை வாசித்தாலும் இன்றைக்கு வந்தது அப்படியே வராது.

இதெல்லாம் எனக்கு வாசித்து விளங்கவில்லை. ஒரு பழுதான பொம்மையும் ஒரு பழைய மத்தளமும் கையில் இருந்தபோதுதான் விளங்கியது.

பாட்டுப் படிக்கிற பொம்மைகளைக் கழற்றினால் உள்ளே காசளவில் மெல்லிய பித்தளைத் தகடு ஒன்று இருக்கும். அதன் நடுவில் வெள்ளை வட்டம், இரண்டு மெல்லிய வயர். பியசோ என்பார்கள். சில பளிங்குகளை அழுத்தினால் மின்சாரம் பிறக்கிறது என்று பியேர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக்கும் 1880இல் கண்டுபிடித்ததன் பேரப்பிள்ளை இது. பொம்மைக்குள் மின்சாரத்தை வாங்கிச் சத்தம் போடுகிறது. கழற்றித் தலைகீழாகப் பாவித்தால் அதிர்வை வாங்கி மின்சாரம் தருகிறது. அதாவது, வாயாக இருந்தது காதாகிவிடும்.

அந்த வயர்களில் ஒரு பிளக்கைப் பற்றாசு பிடித்து, தகட்டை மத்தளக் கட்டையில், வலப்பக்கத் தோலான வலந்தலைக்குக் கிட்ட பிளாஸ்டரால் ஒட்டி, சின்ன அம்ப் ஒன்றில் செருகி ஹெட்ஃபோனை மாட்டினேன். அடிக்கவில்லை. சும்மா உள்ளங்கையைத் தோலில் வைத்தேன். என் கைத்தோல் மாட்டுத்தோலோடு ஒட்டுவதும் விலகுவதும் கேட்டது. கட்டையைக் கொஞ்சம் சாய்த்தேன். வார்கள் ஒவ்வொன்றாக முனகின. நகத்தால் மெல்லச் சுரண்டினேன். கொங்கிறீற்றில் மண்வெட்டியை இழுத்தது போல இருந்தது. வெளியே நாய் குரைத்தது என்று மனைவி பிறகு சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. காற்றில் வருவதை இந்தக் காது பெரும்பாலும் வாங்காது. தான் ஒட்டியிருக்கும் உடம்பின் நடுக்கம் ஒன்றுதான் அதற்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து மத்தளத்தோடு இருக்கிறேன். அதற்குள் இவ்வளவு பேச்சு இருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது.

யோசித்துப் பார்த்தால் இந்த வித்தை நம் மட்டக்களப்பு வாவியில் பழையது. கல்லடிப் பாலத்துக்குக் கிட்ட நிலவு காலத்தில் தோணியில் போகிறவர்கள் என்ன செய்வார்கள்? துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு மற்ற முனையைக் காதோடு வைப்பார்கள். மீன் பாடுகிறது என்பார் ஒருவர், ஊரி என்கிற நத்தை பாடுகிறது என்பார் இன்னொருவர். துடுப்பு எதற்கு? தண்ணீருக்குள் பிறந்த ஒலி மேற்பரப்புக்கு வந்ததும் கண்ணாடியில் பட்டதுபோலத் திரும்பிவிடும். ஆயிரத்தில் ஒரு பங்களவுதான் காற்றுக்குள் ஏறும். மரத்துக்குள் அது அதைவிட நன்றாக ஏறுகிறது. பிறகு மரத்திலிருந்து எலும்பு, எலும்பிலிருந்து காது. பொம்மைத் தகடு என் மத்தளத்துக்குச் செய்ததும் இதுதான். ஒலியை உண்டாக்குவதற்கு முன்னால், இருக்கிற ஒலிக்குக் கிட்டப் போவது. இந்த இசை முழுவதுக்கும் வாசற்படி அதுதான் என்று நான் நம்புகிறேன்.

ஸ்டொக்ஹவுசனும் அந்த வாசலால்தான் உள்ளே போனார். டாம்-டாம் என்கிற பெரிய வெண்கலத் தட்டு ஒன்றை, ஒன்றரை மீற்றர் விட்டம் இருக்கும், வேறொரு படைப்புக்காக வாங்கித் தன் தோட்டத்தில் தொங்கவிட்டிருந்தார். 1964இல் ஒருநாள் வீட்டுக்குள் கிடந்த சாமான்களையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தார்: கண்ணாடி, மட்டை, மரம், றப்பர், பிளாஸ்டிக். ஒரு கையால் அவற்றைக் கொண்டு தட்டைச் சுரண்டுவது, தேய்ப்பது, தட்டுவது. மறுகையில் மைக்கைப் பிடித்து, டொக்டர் நெஞ்சில் குழல் வைப்பது போல அங்கங்கே கொண்டுபோவது. மைக்கின் வயர் வீட்டுக்குள் போனது. உள்ளே அவருடைய தொழில்நுட்ப உதவியாளர் வெளியே என்ன நடக்கிறது என்று பார்க்காமலே, சில ஒலிகளை மட்டும் விடும் வடிகட்டியையும் சத்த அளவையும் திருகிக்கொண்டிருந்தார். பதிவைப் போட்டுக் கேட்டபோது, ஒரே தட்டுக்குள்ளிருந்து அதுவரை கேட்டிராத குரல்கள் வந்தன. அந்த விளையாட்டு 'மிக்ரோஃபோனி 1' என்ற படைப்பாயிற்று. அதில் ஆறு பேர் வேலை செய்கிறார்கள்: இரண்டு பேர் தட்டை எழுப்ப, இரண்டு பேர் மைக்கைக் கொண்டு நடக்க, இரண்டு பேர் வடிகட்டியைத் திருக. மைக் பிடிப்பதும் வாசிப்புத்தான் என்று சொன்ன படைப்பு அது. இன்றைக்கு ஒருவர் தனியே மேடையில் நிற்கும்போது அந்த மற்ற ஐந்து பேரின் வேலையில் பெரும்பகுதியைக் கணினி எடுத்துக்கொண்டிருக்கிறது.

சரி, கேட்டதைக் கணினி என்ன செய்கிறது? முதலில் ஞாபகம் வைத்துக்கொள்கிறது. கோயில் திருவிழாவில் அறிவிப்பாளர் 'அடியார்களே' என்றால் 'யார்களே, களே' என்று பின்னால் இழுபடுமே, அதே எக்கோதான். ஆனால் இங்கே அதை அளந்து வைப்பார்கள். நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் வாசிக்கிறீர்கள் என்று வைப்போம். ஓர் அடிக்கும் அடுத்ததற்கும் இடையே 500 மில்லிவிநாடி. எக்கோவையும் 500 என்று வைத்தால் போன அடி இந்த அடியின் தலையில் வந்து இறங்கும். கனம் கூடும், வேறொன்றும் நடக்காது. 750 என்று வைத்துப் பாருங்கள். திரும்பி வருகிற அடி உங்கள் இரண்டு அடிகளுக்கு நட்டநடுவில் விழும். நீங்கள் வாசிக்காத இடத்தில் யாரோ வாசிக்கிறார். அந்த ஆள் நீங்கள்தான், முக்கால் விநாடிக்கு முந்திய நீங்கள். தம்பி தேடிய மூன்று பேரில் ஒருவர் அகப்பட்டுவிட்டார். இன்னொரு எக்கோவை 1,125இல் வைத்தால் இரண்டாமவரும் வந்துவிடுவார்.

நான் முதன்முதலில் இதைப் போட்டுவிட்டுத் தெரிந்த தாளக்கட்டையெல்லாம் கொட்டினேன். ஒரே சேறு. இரண்டு நாள் கழித்துத்தான் விளங்கியது: முன்னுக்கு அடித்தது இன்னும் காற்றில் இருக்கிறது, அது பேசி முடிய இடம் விட வேண்டும். அந்த வீடியோவில் அந்தப் பெண் கையைக் கட்டிக்கொண்டு நின்றது ஓய்வெடுக்க அல்ல. தான் போட்டது எங்கே போகிறது என்று பார்த்து, அடுத்ததை எங்கே போடுவது என்று எடைபோட்டுக்கொண்டு நின்றார். இந்த இசையில் கெட்டிக்காரக் கை என்றால் வேகமான கை என்று நினைக்க வேண்டாம். பொறுக்கத் தெரிந்த கை அது.

அப்புறம் மாற்றுகிற வேலை. ஒலியைச் சின்னச் சின்ன மணிகளாக உடைப்பது ஒன்று. ஓர் அடியை 20 அல்லது 50 மில்லிவிநாடித் துண்டுகளாக வெட்டி, சுளகில் குரக்கன் புடைப்பது போலத் தூக்கிப் போட்டு, ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டினால் அந்த ஒற்றை அடி ஒரு நிமிடம் வரைக்கும் நீளும். வீடியோவில் மழையாகக் கேட்டது அதுதான். அந்த மழையின் ஒவ்வொரு துளியும் அந்த ஓர் அடியின் துண்டு.

வடிகட்டுவது இன்னொன்று. ஓர் அடிக்குள் பல மீடிறன்கள், அதாவது வேறுவேறு வேகத்தில் ஓடும் அதிர்வுகள், ஒன்றாக இருக்கின்றன. வெறுந்தோலில் அவை ஒன்றோடொன்று ஒழுங்காகப் பொருந்துவதில்லை, அதனால்தான் பல மேளங்களுக்குத் தெளிவான சுருதி இல்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் அப்பிய கறுப்புச் சோறு அந்த மீடிறன்களை ஒரு சுரத்தின் படிகளாக வரிசைப்படுத்திவிடுகிறது. இதை சி. வி. ராமன் 1920இலேயே அளந்து எழுதினார். எங்கள் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானம் படித்தவர்; அவர் 1947இல் வெளியிட்ட யாழ்நூலில் நரம்பின் நீளங்களைக் கணக்காகவே பார்த்தார். ஆகவே ஒலியை எண்ணாகப் பார்ப்பது நமக்குத் தூரத்துச் சங்கதியல்ல. கணினி அந்தக் கணக்கை அடி விழுந்த கையோடு செய்து, வேண்டிய மீடிறனை மட்டும் விட்டு மற்றதைத் தடுக்கிறது. கை ஒன்றும் மாறாமலே மேளம் அடித்தொண்டையிலிருந்து மூக்குக்குப் போகும்.

இரண்டு ஒலிகளை ஒன்றோடொன்று பெருக்குவதும் உண்டு. 200 ஹேர்ட்ஸ் (விநாடிக்கு 200 அதிர்வு) ஒலியையும் 130 ஹேர்ட்ஸ் ஒலியையும் பெருக்கினால் இரண்டும் மறைந்து, கூட்டலும் கழித்தலும், அதாவது 330ம் 70ம் கேட்கும். தோல் வாத்தியம் உடைந்த மணியாகிவிடும். எனக்கு இது பெருங்காயம் மாதிரி. கொஞ்சம் கூடினாலும் சோறு முழுக்க அந்த வாசம்தான். சுருதி மாற்றுவது பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. அம்மன் கோயில் சடங்கில் உடுக்கடிக்கிறவர் இடுப்புக் கயிற்றை அமத்தி விடும்போது ஒலி ஏறி இறங்குவதைக் கேட்டவர்களுக்கு அது தெரியும். அங்கே இடது கை செய்வதை இங்கே ஓர் எண் செய்கிறது.

இவ்வளவும் நடக்க நேரம் எடுக்குமே என்று நீங்கள் கேட்கலாம். எடுக்கும். கணினி ஒலியை விநாடிக்கு 44,100 துளிகளாக வாங்குகிறது. ஒவ்வொன்றாகப் பார்க்க ஏலாது என்பதால் சேர்த்துச் சேர்த்து எடுக்கிறது. 256 துளி சேரும்வரை காத்திருந்தால் கிட்டத்தட்ட 6 மில்லிவிநாடி போய்விடும். போய் வர, கணக்குப் பார்க்க என்று எல்லாம் சேர்ந்து 20 ஆகலாம். காற்றில் ஒலி ஒரு மில்லிவிநாடியில் 34 சென்றிமீற்றர் போகும். ஆகவே 20 மில்லிவிநாடி என்பது பக்கத்தில் நிற்க வேண்டிய சல்லரிக்காரர் ஏழு மீற்றர் தள்ளி நின்று போடுவதற்குச் சமம். களரியில் ஆடியவர்களுக்கு அதன் தொல்லை தெரியும். பாட்டுக்காரருக்கு இது பெரிய குறையாகத் தெரியாமல் போகலாம். தாளக்காரருக்கு உடனே உறைக்கும். இந்தத் துறையில் இருப்பவர்கள் மில்லிவிநாடி மில்லிவிநாடியாகக் குறைக்கப் பாடுபடுவது அதனால்தான்.

களரி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நம் வட்டக்களரியில் ஆட்டமும் தாளமும் நடுவில், சனம் சுற்றிவர. இந்த இசையில் பலமுறை அது மறுதலையாகிறது: சனம் நடுவில், ஸ்பீக்கர்கள் சுற்றிவர. ஸ்டொக்ஹவுசன் 1960இல் முடித்த 'கொண்டாக்டே'யில் பியானோவும் தாளக் கருவிகளும் மேடையில் இருக்க, பதிவான ஒலி நாலு பக்கத்தாலும் வரும். ஒலி சபையைச் சுற்றி ஓட வேண்டும் என்பதற்காக ஒரு ஸ்பீக்கரைச் சுழல்மேசையில் வைத்துக் கையாலே சுற்றி, சுற்றிவர வைத்த நாலு மைக்கால் பதிவுசெய்திருக்கிறார்கள். இப்போது அதே சுழற்சியைச் சுட்டியை அசைத்துச் செய்துவிடலாம். ஆனாலும் எனக்குக் கையால் சுற்றிய அந்த மேசையில்தான் மனம் நிற்கிறது.

'கொண்டாக்டே'யில் வரும் இலத்திரனியல் பகுதி முன்பே பதிவானது. கலைஞர்தான் அதற்குப் பின்னால் ஓட வேண்டும். இந்த வகையிலும் அருமையான படைப்புகள் உண்டு. மெக்சிக்கோக்காரரான ஹவியேர் அல்வாரெஸ் 1984இல் எழுதிய 'டெமஸ்கால்' ஒரு சோடி மராக்கஸுக்கும், அதாவது விதை போட்ட கிலுகிலுப்பைக்கும், பதிவுசெய்த ஒலிக்கும் ஆனது. குழந்தைக்கு ஆட்டுகிற சாமான் என்று நினைத்துக் கேட்கத் தொடங்கினேன். கடைசியில் கதிரை நுனிக்கு வந்துவிட்டேன்.

நடுவழியும் ஒன்று இருக்கிறது. பின்லாந்துக்காரரான காயா சாரியாஹோ 1993ஆம் ஆண்டுக் கோடையில் கியோத்தோவில் பார்த்த தோட்டங்களை நினைத்து 'ஆறு ஜப்பானியத் தோட்டங்கள்' எழுதினார். ஒரு தாளக் கலைஞர், கூட இலத்திரனியல். பூச்சிகளின் ஒலி, சடங்குப் பாட்டு, ஜப்பானியத் தாளக் கருவிகள் முன்பே பதிவாகி இருக்கின்றன. ஆனால் எப்போது எது வர வேண்டும் என்று கலைஞர் காலால் ஒரு மிதியை அமத்திச் சொல்கிறார். ஒலி காத்திருக்கிறது, ஆள் ஓடவில்லை. கல்லும் மணலுமாக உள்ள றியோவான்-ஜி தோட்டத்துக்கான பகுதியை இரவில் தனியே இருந்து கேட்டுப் பாருங்கள்.

முழுக்க நேரடி என்றால் அமெரிக்கரான கோர்ட் லிப்பே ஹை-ஹட்டுக்கும் கணினிக்கும் எழுதியதைச் சொல்வேன். ஹை-ஹட் என்றால் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தட்டு, காலால் மூடித் திறப்பது. நம் சல்லரியை ஒரு தாங்கியில் பூட்டிக் காலுக்குக் கொடுத்தது போல. இப்படியான படைப்புகளில் அடியின் பலம் என்ன, நிறம் என்ன என்று கணினி அளந்து அதற்கேற்பப் பதில் சொல்கிறது. இதற்கு வழி திறந்தது 1980களில் பாரிஸின் இர்காம் ஆய்வகத்தில் மில்லர் பக்கெற் எழுதத் தொடங்கிய 'மக்ஸ்' என்ற மென்பொருள். 1957இலேயே கணினியை இசைக்கவைத்த மக்ஸ் மத்தியூஸின் பெயர் அதற்கு. பெட்டி பெட்டியாகத் திரையில் வைத்து, வயர் இழுப்பது போலக் கோடு இழுத்து இணைக்கலாம். பிறகு அதே பக்கெற் 'பியூர் டேற்றா' என்று இன்னொன்றை எழுதி இலவசமாக விட்டார். என் பழைய மடிக்கணினியில் ஓடுவது அதுதான்.

மைக் ஸ்பீக்கருக்கு முன்னால் போனால் 'கூ' என்று கத்துமே, அதையும் விட்டுவைக்கவில்லை இவர்கள். ஸ்பீக்கரில் வந்தது மைக்குக்குள் போய், பெருகி, மறுபடி ஸ்பீக்கருக்கு வந்து சுற்றுகிற சுற்று அது. 1960களில் தாளக் கலைஞர் மக்ஸ் நியூஹவுஸ் தொடுமைக்குகளை, அதாவது தொட்டிருக்கும் பொருளின் அதிர்வை வாங்கும் மைக்குகளை, தாளக் கருவிகளின் மேல் வைத்து, அவற்றை ஸ்பீக்கர்களுக்கு முன்னால் நிறுத்திச் சத்தத்தைக் கூட்டினார். கருவி தானே அதிர்ந்து தானே கத்தியது. யாரும் அடிக்கவில்லை.

இதைவிடவும் ஒருபடி மேலே போனவர் அமெரிக்க இசையமைப்பாளர் அல்வின் லூசியர். 1965இல் தலையில் மின்முனைகளை ஒட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கதிரையில் இருந்தார். மனம் அமைதியாகும்போது மூளையில் ஏறத்தாழ 10 ஹேர்ட்ஸில் ஓடும் ஆல்ஃபா அலையை எடுத்துப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்பினார். 10 ஹேர்ட்ஸ் நம் காதுக்குக் கேட்காது. ஆனால் ஸ்பீக்கரின் கூம்பு அந்த வேகத்தில் முன்னும் பின்னும் உதறும். அதோடு தொட்டுக்கொண்டிருந்த மேளங்களும் தட்டுகளும் அந்த உதறலில் ஒலித்தன. அசையாமல் இருக்க இருக்கத்தான் மேளம் முழங்கும். ஏதும் ஒரு காட்சியை நினைத்துவிட்டால் அடங்கிவிடும்.

இது இசையா சத்தமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், என் வீட்டிலேயே இருக்கிறார்கள். அவர்களோடு நான் வாதாடப் போவதில்லை. பாட்டைத் தேடிக் கேட்டால் ஏமாற்றம்தான் வரும், அது உண்மை. ஓர் அடி எப்படிப் பிறந்து எப்படிப் போகிறது என்று அதன் பின்னாலே போய்க் கேளுங்கள் என்று மட்டும் சொல்வேன். முதலில் 'டெமஸ்கால்'. அதில் பிடித்துக்கொள்ள ஒரு தாளம் இருக்கிறது. பிறகு சாரியாஹோ. 'மிக்ரோஃபோனி'யைக் கடைசியில் வையுங்கள். போன் ஸ்பீக்கரில் கேட்க வேண்டாம். இதில் பாதி அடித்தொண்டை ஒலி, அந்தச் சின்ன ஸ்பீக்கரில் அது வரவே வராது. நூறு பேர் கேட்டுத் தேய்ந்த ஹெட்ஃபோன் என்றாலும் பரவாயில்லை.

செய்து பார்க்க விருப்பம் உள்ளவர்களுக்கு: ஒரு பியசோத் தகடு, பற்றாசு பிடிக்கத் தெரிந்த ஒரு நண்பர், மைக்கைக் கணினியோடு இணைக்கும் சின்ன இடைமுகப் பெட்டி ஒன்று, இலவச மென்பொருள். முதல் கிழமை ஒரே ஓர் எக்கோ போதும். அதை விட்டு மற்றதுக்குப் போக வேண்டாம்.

தம்பியும் தொடங்கிவிட்டான். தன் சல்லரியில் தகட்டை ஒட்டினான், சரிவரவில்லை. மத்தளக் கட்டை கனமானது, தகடு ஒட்டியது அதற்குத் தெரியாது. சல்லரி மெல்லிய வெண்கலம். ஓர் இணுக்குப் பிளாஸ்டர் பட்டாலும் அதன் நீண்ட ரீங்காரம் செத்துவிடும். அதனால் ஒரு சல்லரியை மட்டும் நூலில் கட்டி, ஜன்னல் கம்பியிலிருந்து தொங்கவிட்டு, விரலிடை தள்ளி ஒரு சாதாரண மைக்கை வைத்தோம். ஹெட்ஃபோனில் மின்விசிறியின் இரைச்சல்தான் பெரிதாகக் கேட்டது. நிறுத்தினோம். சித்திரை வெயில், அறைக்குள் இரண்டு பேருக்கும் வேர்த்து ஒழுகியது. எக்கோவை 750இல் வைத்துவிட்டுத் தலையசைத்தேன். மற்றச் சல்லரியின் விளிம்பால் ஒருமுறை தொட்டான். வந்தது, திரும்பி வந்தது. அடுத்த அடிக்குக் கையை ஓங்கியவன், அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான்.